பாலத்தில் நின்ற யானை

ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு, எங்கள் பழைய துறையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வேனில் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிய காலத்தைப் பற்றி எழுத வேண்டுமாம். படிப்பவர்கள் சிரிக்கிற மாதிரி இருந்தால் நல்லதாம். சிரிக்கிற மாதிரியும் நடந்திருக்கிறது. ஒரு முறை காற்றடித்துத் திரைத் துணி அறுந்து, கட்டிக் கிடந்த எருமையின் கொம்பில் மாட்டிக்கொண்டது. அது முளையைப் பிடுங்கிக்கொண்டு அந்தத் துணியோடு ஏரிக்கரை வரை ஓடியது. அதைச் சொன்னேன், சிரித்துவிட்டுப் போனார்கள். எழுத உட்கார்ந்தால் எருமை வரவில்லை, யானைதான் வருகிறது. மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் அவர்கள் இஷ்டம்.

யானை வந்ததற்குக் காரணம் ஒரு டிவிடி. போன ஐப்பசியில் டிவிக்கு ரிமோட் வாங்கப் பேருந்து நிலையத்தின் எதிரே இருக்கும் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் பழைய ஆங்கிலப் படங்களை வரிசையாக அடுக்கியிருந்தான். அதில் ஒரு அட்டையில், பனிமலை நடுவே கயிற்றுப் பாலத்தில் ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. ஒரு தந்தம் உடைந்த யானை. பின்னால் சிவப்பு உடையில் ஒரு ராணி. ராணியை எனக்கு அடையாளம் தெரியவில்லை, யானையை உடனே தெரிந்தது. அதையே கேட்டு வாங்கினேன். கடைக்காரன் தூசி தட்டி எடுத்து, "பெரிய படம் சார் இது, ரெண்டு வட்டா குடுத்துருக்கான். யாரும் கேக்கறதே இல்ல" என்றான். ரிமோட்டை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் ஆபரேட்டர் ஆன கதையைச் சுருக்கிவிடுகிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்தவன் நான். வீட்டில் தறி இருந்தது, எனக்குத் தறியில் உட்காரப் பொறுமை இல்லை. ரேடியோ பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு, ஒரு டாக்கீசில் படம் ஓட்டும் கேபினுக்குள் வெந்து, பிறகு அரசாங்கத்தின் விளம்பர வேனில் வேலை கிடைத்துச் சேர்ந்தேன். இவ்வளவுதான். கேபின் சூட்டில் இருந்தவனுக்கு வேன் வேலை சொர்க்கம் மாதிரி இருந்தது.

வேனில் மூன்று பேர். நான், டிரைவர் காதர் பாய், எங்கள் பிரசார அதிகாரி நடேசன். அதிகாரி எப்போதும் முன் இருக்கையில். எனக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இடம். பொழுது சாயும் முன் ஊருக்குள் நுழைந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி இரண்டு மூங்கிலை நட்டுத் திரை கட்டுவேன். ஜெனரேட்டரைப் புகை கூட்டத்தின் மேல் வராத தூரத்தில் வைத்து வயர் இழுப்பேன். புரொஜக்டரைத் துடைத்து, பிலிம் ஓடும் வழியை மெல்லிய துணியால் நான்கு முறையாவது ஒற்றி எடுப்பேன். செம்மண் பூமியில் ஒரு மணல் துகள் போதும், பிலிம் முழுக்கக் கோடு விழும். பிறகு ரீலின் முனையை இழுத்து, பல்சக்கரங்களில் மாட்டி, விளக்குக்கு முன்னால் கொஞ்சம் தொய்வு விட்டு, கீழ் ரீலில் சொருகுவேன். அந்தத் தொய்வு சரியாக இல்லாவிட்டால் பிலிம் அறுந்துவிடும். இதையெல்லாம் செய்யும்போது ஒரு ஊரே என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சினிமா நடிகனுக்குக் கூட அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

காட்டியதெல்லாம் அரசாங்கப் படம். கொசு ஒழிப்பு, யூரியா போடும் விதம், இரண்டு குழந்தை போதும் என்கிற படம். அந்தக் கடைசிப் படத்தை ஒரே ஊருக்கு ஏழெட்டுத் தடவை காட்டியிருப்போம். திரையில் அந்தச் சிரித்த முகக் குடும்பம் வந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும். எழுபதுகளின் நடுவில் கெடுபிடி வந்தது. இந்த மாதத்துக்குள் இத்தனை ஆண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தாக வேண்டும் என்று மேலே இருந்து ஆணை. ஆள் சேராவிட்டால் அதிகாரிக்குப் பதவி உயர்வு நின்றுவிடும் என்று பேச்சு. அதற்கு வழி கண்டுபிடித்தவர்தான் எங்கள் நடேசன் சார்.

அவரைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. எல்லோரையும் தம்பி என்பார், காதர் பாய்க்கு அவரைவிட வயது அதிகம், அவரையும் தம்பி என்பார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் நாள் முழுக்கச் செம்மண்ணில் சுற்றி வருவார், அது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மைக்கைப் பிடித்தால் ஆளே வேறு. யூரியாப் படத்துக்கே கதை சொல்லி ஜனங்களை உச்சுக்கொட்ட வைத்தவர். திட்டும் அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன், அவர்களிடம் எனக்குப் பயம் இருந்ததில்லை. இவரிடம்தான் எனக்குப் பயம்.

ஒரு நாள் சென்னைக்குப் போய்விட்டு இரண்டு இரும்புப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். மூர் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியதாம். ஏதோ வெள்ளைக்காரர்கள் கிளப்பில் போட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளிய படம், எங்கள் சின்ன புரொஜக்டரில் ஓடும் அளவு பிலிம். "ஹாலிவுட் படம், தம்பி. இது மாதிரி ஒண்ணை இந்த ஜனங்க கனவுல கூடப் பார்த்திருக்க மாட்டாங்க" என்றார். முதல் பெட்டியை என்னிடம் கொடுத்தார். அது இடைவேளை வரைக்கும் உள்ள படம். இரண்டாவது பெட்டியைப் பூட்டித் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். அதற்கு வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அந்தப் படத்தை நான் எத்தனை ஊரில் ஓட்டினேன் என்று கணக்கில்லை. நாட்டைப் பறிகொடுத்த ஒரு ராணி, யானைப் படை திரட்டிக்கொண்டு பனிமலை தாண்டித் தன் ஊருக்குத் திரும்புகிறாள். அவ்வளவுதான் கதை. ஆங்கிலம் யாருக்குப் புரியும்? நடேசன் சார் மைக்கில் கதை சொல்வார். ராணிக்கு ராணியம்மா என்று பெயர் வைத்தார். அவளுடைய யானைகளில் ஒன்றுக்குத் தந்தம் உடைந்திருக்கும். மற்ற யானைகள் கடந்த பிறகு, அது மட்டும் கயிற்றுப் பாலத்தின் நடுவில் வந்து நின்றுவிடும். கயிறு ஒவ்வொரு இழையாகத் தெறிக்கும். அது தும்பிக்கையை நீட்டி ராணியைப் பார்க்கும். அந்த இடத்தில் ஆங்கிலத்தில் இடைவேளை என்று எழுத்து விழும். உடனே நான் விளக்கை அணைக்க வேண்டும். அதிகாரியின் உத்தரவு அப்படி, ஒரு நொடி கூடத் தாமதிக்கக் கூடாது.

இருட்டில் அவர் குரல் மட்டும் மெதுவாகக் கேட்கும். மீதிப் படம் ஆபரேஷன் முகாம் முடிகிற அன்று, முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்து மைதானத்தில். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும். சட்டையில் முகாம் சீட்டு குத்தியிருக்க வேண்டும். இவ்வளவு சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்துவிடுவார். ஜனங்கள் கொஞ்ச நேரம் அப்படியே வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஐயம்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் படம் போட்ட அன்றுதான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். முப்பது வயது இருக்கலாம், தோள் மட்டும் பெரிதாக, கால் மெலிந்து. தோளில் ஒரு பெண் குழந்தை, தனம் என்று பெயர், ஐந்து வயது இருக்கும். அந்தப் பிள்ளை படம் முழுக்க அப்பன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு தோளிலேயே உட்கார்ந்திருந்தது. இடைவேளை எழுத்து விழுந்து விளக்கு அணைந்ததும் ஒரே அழுகை. நான் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், கொம்பு ஒடஞ்ச ஆனை தாண்டிடுமா? பாப்பா கேக்குது."

எனக்கும் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. இரண்டாவது பெட்டி பூட்டியிருக்கிறது, சாவி அதிகாரியிடம் இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். மறுநாள் முகாமுக்கு ஆள் ஏற்றிய வண்டியில் அவரும் இருந்தார். ஒரே ஒரு குழந்தைதானே உனக்கு, ஏன் வந்தாய் என்று கேட்டேன். சிரித்தார்.

"மணியக்காரரு பேரைச் சொல்லிட்டாரு சார். இன்னிக்கி இல்லன்னா நாளிக்கி எப்பிடியும் புடிச்சிக்கினு வருவாங்க. வந்ததுதான் வரோம், புள்ளைக்காவது படம் கெடைக்கட்டும்."

அவருக்கு இரண்டு குழந்தைகள் என்று எழுதிக்கொண்டார்கள். அப்படித்தான் எழுதுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முகாம் பாலாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். ஆபரேஷன் நடந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே என் ஜெனரேட்டரை வைத்திருந்தேன், உள்ளே விளக்குக்கு அதுதான் மின்சாரம். அதனால் நான் அந்த ஜன்னலை விட்டு நகர முடியாது. காலையில் கத்தியையும் கத்திரிக்கோலையும் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்து எடுத்தார்கள். பெரிய டாக்டர் ஒருவர், சின்ன டாக்டர் ஒருவர், இருவரும் தண்ணீர் குடிக்கக் கூட நிமிரவில்லை. மதியத்துக்கு மேல் மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. நடேசன் சார் உள்ளே வந்து, வேகம் போதவில்லை, அவர் வருவதற்குள் எண்ணிக்கை கூட வேண்டும் என்று எப்போதும் போல மெல்லிய குரலில் சொன்னார். வந்தவருக்குக் காப்பி போட வேறு அடுப்பு இல்லை. அண்டாவை இறக்கிவிட்டு அடுப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் சாமான்களை அந்த ஆறிய தண்ணீரிலேயே அலசி அலசி எடுத்தார்கள். அடுப்பு அன்று திரும்பி வரவில்லை. ஏகாம்பரம் ஆபரேஷனுக்கு உள்ளே போனது மதியத்துக்கு மேல், அடுப்பு போன பிறகு.

நான் அப்போதே கம்பவுண்டரிடம் ஜன்னல் வழியாகக் கேட்டேன். கொதிக்க வைக்க வேண்டாமா என்று. "நீ உன் மிஷினைப் பாரு" என்றார்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் முகாமின் கடைசி நிகழ்ச்சி, மீதிப் படம். ஆபரேஷன் ஆனவர்கள் முன் வரிசையில் சாக்கு விரித்து, காலை அகட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் சட்டையிலும் சீட்டு. முதல் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் மனைவி மக்களோடு திரும்பி வந்திருந்தார்கள். ஏகாம்பரம் ஐயம்பேட்டைப் பக்கத்திலிருந்து நடந்து வந்திருந்தார், தனம் தோளில். பளு எதுவும் தூக்கக் கூடாது என்று சொன்னார்களே என்றேன். "இது பளுவா சார்?" என்று பிள்ளையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நடேசன் சார் ஜீப்பில் வந்து இறங்கி, இரண்டாவது பெட்டியையும் சாவியையும் என் கையில் கொடுத்தார். அன்று அவர் மைக்கைத் தொடவில்லை. ஊரில் அவசர வேலை இருக்கிறது என்றார். அதே ஜீப்பில் போய்விட்டார்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே வட்டமான தகர டப்பாக்கள், மேலே ஆங்கிலத்தில் அதே படத்தின் பெயர், இரண்டாம் பாகம் என்று. எந்த ரீலையும் மாட்டுவதற்கு முன் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். பிடித்தேன். கொசு. அடுத்த டப்பாவைத் திறந்தேன். அதிலும் கொசு. எங்கள் அலுவலகத்தில் தேய்ந்து போய்க் கழித்துவிட்ட கொசு ஒழிப்புப் படத்தின் பிரதிகள். எல்லா டப்பாவிலும் அதுதான். அந்தக் கடையில் அவர் வாங்கியது பாதிப் படம். மீதி அவரிடம் எந்த நாளும் இருந்ததில்லை. எத்தனை ஊரில் அந்த மீதியைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்!

காதர் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹராமி" என்று அதிகாரியைத் திட்டினார். கூட்டம் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கை பழக்கத்தில் ரீலை மாட்டியது, விளக்கைப் போட்டது.

திரையில் குட்டையும் அதில் நெளியும் கொசுப் புழுக்களும் வந்தன. யாரும் கத்தவில்லை. அரசாங்க வேனில் முதலில் இப்படி ஏதாவது வரும், அப்புறம்தான் நல்ல படம் வரும் என்று அவர்களுக்குப் பழக்கம். நான் நின்ற இடத்துக்குத் தனத்தின் குரலும் ஏகாம்பரத்தின் குரலும் தெளிவாகக் கேட்டன.

"எப்பா, ஆனை எங்கப்பா?"

"வரும்மா. மொதல்ல கொசு வரும், அப்பால ஆனை வரும்."

அந்தக் கொசுப் படத்தை அவ்வளவு அக்கறையாக ஒரு கூட்டம் பார்த்து நான் கண்டதில்லை. மருந்தடித்துக் கொசுவெல்லாம் செத்தது. ரீல் முடிந்தது. நான் மைக்கை எடுத்து, இந்தப் பெட்டியில் படம் இல்லை, வேறு பெட்டியும் இல்லை, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னேன். கல் விழும் என்று காதர் பாய் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கல் விழவில்லை. புண்ணோடு இருக்கிறவர்களுக்குச் சட்டென்று எழுந்து நிற்கவே முடியவில்லை, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஏகாம்பரம் தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தார். இருவரையும் வேனில் கொண்டு விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்று கையை ஆட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து ஊர்களிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. அறுத்த இடம் வீங்கிச் சீழ் வைத்து, காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று. எல்லோரும் அன்று மதியத்துக்கு மேல் ஆபரேஷன் ஆனவர்கள். எங்கள் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நடேசன் சார் காதர் பாயைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டாம் தம்பி, பிரித்துச் சேருங்கள் என்று சொல்லியிருந்தார். ஒருவரைக் காஞ்சிபுரத்தில், ஒருவரைச் செங்கல்பட்டில், ஒருவரைச் சென்னையில். அதனால் அடுத்த ஊர்க்காரனுக்கும் இதே நோவு என்பது யாருக்கும் தெரியவில்லை. முழுதாகத் தெரிந்தவர்கள் காதர் பாயும் நானும்தான். மற்றவர்கள் எப்படியோ பிழைத்துக்கொண்டார்கள். மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டே வலியைப் பொறுத்திருந்த ஏகாம்பரத்தைத்தான் கடைசியாக, உடம்பு அனலாகக் கொதிக்கும்போது கொண்டுவந்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. ஐயம்பேட்டைக்கே வந்து, ஒரு வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஏகாம்பரத்தின் மனைவி பிள்ளையைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றாள். என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்கள். ஆபரேஷனுக்கு மறுநாள் அவர் குழந்தையைத் தோளில் தூக்கி வந்ததைப் பார்த்தீர்களா? பார்த்தேன் என்றேன். அடுப்பை எடுத்துக்கொண்டு போனதைச் சொல்ல வாயெடுத்தேன். நடேசன் சார் என் கையை மெல்லத் தொட்டார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க தம்பி." பிறகு ஊர் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி, மைக் இல்லாமலேயே அந்தக் கதை சொல்லும் குரலில் பேசினார். டாக்டர்கள் படித்துப் படித்துச் சொன்னார்கள், பளு தூக்காதே என்று. பிள்ளைப் பாசம், என்ன செய்வது, குழந்தையைத் தூக்கிச் சுமந்ததில் தையல் பிரிந்துவிட்டது. ஊரே உச்சுக்கொட்டியது. நல்ல கதைசொல்லி என்று முன்னால் சொன்னேனே.

அடுப்பையும், பிரித்துச் சேர்த்ததையும், பூட்டிய பெட்டியையும் சேர்த்து நான் மேலே எழுதிப் போட்டேன். பதிலாக மாற்றல் உத்தரவு வந்தது, தெற்கே கடைக்கோடி மாவட்டத்துக்கு. நடேசன் சாருக்குப் பதவி உயர்வு வந்தது. நான் காஞ்சிபுரத்துக்குத் திரும்பியபோது வேன்களுக்கு வேலை போய், வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது.

இவ்வளவையும் மனதின் ஒரு மூலையில் தள்ளிவிட்டுத்தான் இருந்தேன், அந்த டிவிடி கையில் வரும் வரைக்கும். ஏகாம்பரத்தின் குடும்பம் எங்கே என்று காதர் பாயிடம் கேட்டேன். கண் சரியாகத் தெரியாமல் வீட்டோடு இருக்கிறார், ஆனால் ஊர்ச் செய்தி எல்லாம் அவரிடம் வந்துவிடும். அவர் மகன் ஐயம்பேட்டை வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், அவனே என்னை அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். டிவிடி ஓட்டும் பெட்டியையும் பையில் எடுத்துப் போயிருந்தேன்.

தனத்துக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். யார் என்று கேட்டாள். அந்த வேனில் படம் போட்டவன் என்றேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டிவிடியை எடுத்து நீட்டினேன். அட்டையில் இருந்த யானையைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"இது கெடைக்குதா சார் இப்ப? வீட்லயே போட்டுப் பாக்கலாமா?"

அரசாங்கம் கொடுத்த டிவி ஒன்று இருந்தது. மேலே சுவரில் அவள் அம்மாவின் போட்டோ, காய்ந்த மாலையோடு. முதல் வட்டைப் போட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். ராணி வந்தாள், யானைகள் வந்தன. என் தேய்ந்த பிலிமில் பார்த்ததைவிட எல்லாம் பளிச்சென்று இருந்தது. தந்தம் உடைந்த யானை வந்ததும் பேச ஆரம்பித்தாள். திரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

"ஊர்ல எனுக்கு ஆனைன்னுதான் பேரு சார். எங்கம்மா கோவம் வந்தா சொல்லும், ஆனை பாக்கணும்னு அப்பன் தோள்ல ஏறுன, ஏறி அவனைத் தின்னுட்டன்னு. கோவம் இல்லாதப்பவும் அதைத்தான் நெனச்சிக்கினு இருக்கும். தெரியும் எனுக்கு. சாகுற வரிக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல."

ஒரு ஆளின் சாவை அந்தக் குடும்பம் சுமக்கிறது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்த மரத்தடியில் சொன்ன கதை இந்தப் பிள்ளையின் தலையில் போய் உட்காரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்போதே சொன்னேன். அடுப்பைச் சொன்னேன், ஆறிய தண்ணீரைச் சொன்னேன். அன்று மதியத்துக்கு மேல் ஆபரேஷன் ஆன மற்றவர்களுக்கும் அதே சீழ், அதே காய்ச்சல், அவர்கள் யாரும் யாரையும் தூக்கிச் சுமக்கவில்லை, அவர்களை ஆளுக்கொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தவனே நான்தான் என்றேன். உன்னைத் தூக்கியதால் உங்கப்பா சாகவில்லை அம்மா என்றேன்.

அவள் திரும்பவில்லை. திரையில் யானை பாலத்தின் நடுவுக்கு வந்து நின்றது. கயிறு தெறித்தது. தும்பிக்கை நீண்டது. இடைவேளை எழுத்து விழுந்தது. என் கை தானாகவே நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விட்டது.

அட்டையிலிருந்து இரண்டாவது வட்டை எடுத்தேன். வாங்கி வந்த அன்றே அதை நான் பார்த்துவிட்டேன். தொடங்கும்போதே அரண்மனை, விருந்து, சண்டை. அந்த யானை கடைசி வரை வருவதே இல்லை, அது என்ன ஆனது என்று ராணியும் கேட்பதில்லை. அவளிடம் இதைச் சொல்லலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே வட்டை மாட்டப் போனேன்.

"வேணாம் சார், அதை எடுத்து வச்சிடுங்க" என்றாள். "நீங்க சொன்னத மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அடுப்பு, தண்ணீர், மற்றவர்கள், எந்த ஊர் ஆளை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்பது வரைக்கும், ஒன்று விடாமல், உரக்கச் சொன்னேன். அவள் எழுந்து போய்ச் சுவரோரமாக நின்று கேட்டாள். நான் முடித்ததும் அம்மாவின் போட்டோவை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டுக்கினியாமா?" என்றாள்.